பின்சக்கர பேரிங்: சிறிது ஆட்டம் இருக்கட்டும்

சக்கரம் கழன்றுவிடக் கூடாதே என்ற பயம் எவருக்கும் உண்டு. அந்தப் பயம்தான் பின்சக்கர நட்டை இன்னும் கால் சுற்று இறுக்கச் சொல்கிறது. டேப்பர் ரோலர் பேரிங் (கூம்பு வடிவ உருளைகள் சுற்றும் பேரிங்) வைத்த பழைய சிறு கார்களில் அந்தக் கால் சுற்றே பேரிங்கின் ஆயுளை முடித்துவிடும். ஆட்டம், அதாவது பேரிங்கில் விடும் நுண்ணிய இடைவெளி, சற்றுக் கூடுதலாக இருந்தால் சக்கரம் லொடலொடக்கும், ஓட்டுபவருக்குத் தெரிந்துவிடும். இறுக்கம் கூடினால் எதுவும் தெரியாது. கார் முன்பைவிட அமைதியாகக்கூட ஓடும். சிங்கப்பூரிலிருந்து மலேசியா போகும் துவாஸ் பாலம் தாண்டி வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் போன பிறகுதான் கருகல் வாடை வரும்.

காரணம் எளிது. 155 மி.மீ. அகலமும் 13 அங்குல ரிம்மும் கொண்ட டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 1.8 மீட்டர் போகிறது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் பேரிங் நிமிடத்துக்கு ஆயிரம் முறை சுற்றும். இடமே இல்லாமல் நசுங்கிச் சுற்றும் ரோலர் சூடாகும், சூட்டில் விரியும், விரிந்ததால் இன்னும் நசுங்கும். சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் பத்து நிமிடம் ஓடி அடுத்த விளக்கில் நிற்கும் காரில் இந்தச் சுழல் தொடங்கும் முன்பே ஆறிவிடுகிறது. அதனால்தான் ஊருக்குள் நன்றாக ஓடிய கார் ஜொகூரைத் தாண்டியதும் காலை வாருகிறது.

எந்தக் காருக்கு இது பொருந்தும்

முன்சக்கரங்களால் ஓடும், பின்னால் டிரம் பிரேக் உள்ள, டிரம்முக்குள்ளேயே இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகள் உட்காரும் கார்களுக்கான முறை இது. 1974இல் வந்த முதல் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபும் 1983இல் வந்த இரண்டாம் தலைமுறையும் இதற்குச் சரியான உதாரணங்கள். கீழே சொல்லும் நுணுக்கங்களுக்கு அவற்றையே அளவுகோலாக வைத்திருக்கிறோம்.

பழைய மினி வைத்திருப்பவர்கள் இங்கேயே கவனிக்க வேண்டும். அதன் பின்சக்கர பேரிங்கில் ஆட்டம் வைக்கும் வேலை கிடையாது. உள்ளே இருக்கும் பாகங்களே இடைவெளியைத் தீர்மானிக்கின்றன. நட்டை 60 பவுண்டு-அடி, அதாவது 81 நியூட்டன் மீட்டர் இறுக்கி, அடுத்த ஸ்பிளிட் பின் (நட் கழலாமல் பூட்டும் மடக்குக் கம்பி) துளை வரும்வரை மேலும் இறுக்க வேண்டும். இன்னொன்று: மினியின் இடப்பக்க நட் இடப்புரி. வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பிக் கழற்றப் பார்த்தால் அது இறுகும். நீண்ட குழாயைக் கைப்பிடியில் மாட்டி இழுத்துப் புரியையே கிழித்துவிடுவது இப்படித்தான்.

1990களின் ஜப்பானியக் கார்கள் பலவற்றில் பின்னால் இருப்பது மூடிய யூனிட். கிரீஸும் இடைவெளியும் தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டன. நட்டை அந்தந்தக் காரின் கையேடு சொல்லும் பெரிய அளவில் இறுக்கி, அதன் கழுத்தை உளியால் மடக்கிவிடுவதோடு சரி. சத்தம் வந்தால் யூனிட்டையே மாற்ற வேண்டும். பின்சக்கரங்களால் ஓடும் பழைய பீட்டில், மோரிஸ் மைனர் போன்றவற்றின் பேரிங் வேலை வேறு வகை. அதை இதோடு குழப்ப வேண்டாம்.

நிற்கும் காருக்கு வரும் நோய்

35 வயது கடந்த காரை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பழம்பெரும் வாகனத் திட்டத்தில் பதிந்தால் ஆண்டுக்கு அதிகபட்சம் 45 நாள் ஓட்டலாம். மீதி 320 நாள் அது நிற்கிறது. பேரிங்குக்கு ஓட்டத்தைவிட அந்த நிற்றல்தான் கடினம். சிங்கப்பூரின் ஈரக்காற்று தேய்ந்த சீல் வழியே உள்ளே போகிறது. மாலை மழையில் டிரம் சட்டென்று குளிரும்போது உள்ளே நீர் கோக்கிறது. ரோலர் தொடும் இடத்தில் கிரீஸ் படலம் பிதுங்கி விலகி, இரும்பும் இரும்பும் உரசி உட்கார்ந்திருக்கும். சில மாதங்களில் அந்த இடங்களில் மட்டும் மெல்லிய துருக்கோடு விழும். ரோலர்களுக்கு இடையே எவ்வளவு தூரமோ, கோடுகளுக்கு இடையேயும் அதே தூரம். அப்படிக் கோடு விழுந்த ரேஸ் (ரோலர் உருளும் உலோகத் தடம்) எத்தனை கிரீஸ் அடைத்தாலும் பாடிக்கொண்டுதான் இருக்கும்.

தரைவீட்டு முற்றத்தில் நிற்கும் கார் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அங்கேயே முன்னும் பின்னும் சில அடி உருட்டி, முன்பு நின்ற நிலையிலிருந்து சக்கரத்தைச் சற்றுத் திருப்பி நிறுத்துங்கள். செலவே இல்லாத வைத்தியம்.

பேரிங்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

பேரிங் சத்தம் வேகத்தோடு ஏறும், இறங்கும். கியரை மாற்றினாலும், கிளட்சை மிதித்தாலும் மாறாது. டயர் தேய்மானச் சத்தமும் இப்படியே இருக்கும் என்பதுதான் சிக்கல். அதைப் பிரிக்க வளைவுகள் உதவும். வலப்பக்கம் வளையும்போது கார் இடப்பக்கம் சாய்கிறது; இடச் சக்கரத்தில் எடை ஏறுகிறது. அப்போது ஊளை கூடினால் இடப்பக்க பேரிங்கைச் சந்தேகியுங்கள். அடுக்குமாடிக் கார்ப்பேட்டையின் சுருள் சரிவு இதற்கு வாய்ப்பான இடம்: ஒரே பக்கமாகத் தொடர்ந்து வளைவதால் ஒரு சக்கரத்தில் எடை நீடித்து நிற்கும், கண்ணாடியை இறக்கினால் பக்கத்துச் சுவரில் பட்டுக் கரகரப்பு காதுக்கு நேரே வரும்.

பிறகு காரைத் தூக்கி டயரின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் பிடித்து மாறி மாறி அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் அசையுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் அது பேரிங் ஆட்டம். மறையாவிட்டால் பின் அச்சின் புஷ் (ரப்பர் இணைப்பு) அல்லது ஷாக் அப்சார்பர் பக்கம் பாருங்கள். புஷ் தேய்ந்த காரில் பேரிங் நட்டை இறுக்கிக்கொண்டே போய்ப் புது பேரிங்கைச் சாகடிப்பது பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் தவறு.

இன்னும் ஒரு சோதனை, பலர் செய்யாதது. தூக்கிய சக்கரத்தை ஒரு கையால் சுழற்றிவிட்டு, மறு கை விரல்களைச் சுருள் வில்லின் மேல் லேசாக வையுங்கள். காதுக்குக் கேட்காத கரகரப்பு விரலுக்குத் தெரியும். நல்ல பேரிங்கில் வில் அசையாமல் இருக்கும்.

வாங்க வேண்டியவை

கோல்ஃபின் பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் உள் பேரிங் எல் 45449 / 45410 (உள்விட்டம் 29 மி.மீ., வெளிவிட்டம் 50.29 மி.மீ.), வெளி பேரிங் எல்எம் 11749 / 11710 (17.46 மி.மீ., 39.88 மி.மீ.). முதல் எண் ரோலர்களோடு வரும் கோனுக்கு, இரண்டாவது எண் டிரம்முக்குள் அடித்து ஏற்றும் கப்புக்கு. இவை உலகப் பொது எண்கள். கார் பாகக் கடையில் இல்லாவிட்டால் தொழிற்சாலை பேரிங் விற்கும் கடையில் இதே எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். வேறு கார் என்றால் பழைய பேரிங்கின் பக்கவாட்டில் பொறித்த எண்ணைப் படித்து, வெர்னியர் வைத்து அளந்து உறுதி செய்யுங்கள்.

கோனும் கப்பும் ஒரே தயாரிப்பாளரின் ஜோடியாக வாங்குங்கள். பழைய கப்பை விட்டுவிட்டு ரோலரை மட்டும் மாற்றுவது அரை வேலை. பழைய கப்பின் தேய்ந்த தடத்தில் புது ரோலர் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே அதே நோயைப் பிடித்துக்கொள்ளும்.

இவற்றோடு பக்கத்துக்கு ஒரு ஆயில் சீல், ஒரு புது ஸ்பிளிட் பின், நசுங்கியிருந்தால் புது டஸ்ட் கேப் (நட்டை மூடும் தூசி மூடி). சக்கர பேரிங்குக்கான லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸ், 2ஆம் தரக் கெட்டி, அரைக் கிலோ டப்பா ஒன்று இரு பக்கத்துக்கும் போதும், மிச்சமும் இருக்கும். டிரைவ் ஷாஃப்ட் மூட்டுகளுக்கு விற்கும் கரிய மாலி கிரீஸை இங்கே போடாதீர்கள். அது வழுக்கி உரசும் பாகங்களுக்கானது. இங்கே ரோலர் உருள வேண்டும். பழைய கிரீஸ் என்ன வகை என்று தெரியாதபோது அதன்மேல் புதியதைச் சேர்ப்பதும் ஆபத்து. சில வகைகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் மோராக இளகி வழிந்துவிடும். முழுக்கக் கழுவிவிட்டுத்தான் புதிது.

கருவிகளில் முக்கியமானது பித்தளைத் தண்டு, 10 முதல் 12 மி.மீ. தடிமன். ஜாலான் புசார் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் துண்டாக வெட்டித் தருவார்கள். மற்றவை: ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டுகள், முன்சக்கரத்துக்குக் கட்டை, 17 மி.மீ. சக்கர போல்ட் சாக்கெட், ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) நட்டுக்கு ஏற்ற சாக்கெட், தட்டை ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), மண்ணெண்ணெய், பிரேக் கிளீனர், பஞ்சு உதிராத துணி, கையுறை, கண்ணாடி, முகக்கவசம்.

இடம் பற்றி ஒரு சொல். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்ப்பேட்டை இந்த வேலைக்கான இடம் அல்ல. சமதளம் வேண்டும், அரைநாள் பாகங்களைப் பரப்பி வைக்க வேண்டும், மண்ணெண்ணெய் தரையில் படும். தரைவீட்டு முற்றமோ, சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ தெரிந்த பட்டறையின் ஓரமோ தேடிக்கொள்ளுங்கள். கழுவிய மண்ணெண்ணெய் வடிகாலில் போகக் கூடாது. தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி. வடிகாலில் ஊற்றுவது நீர்த்தேக்கத்தில் ஊற்றுவதுதான். மூடியுள்ள டின்னில் சேர்த்து, கழிவு எண்ணெய் எடுக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

பிரிப்பது

கியரில் விட்டு, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். சக்கர போல்ட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டு, காரைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி டிரம்மில் சுத்தியலால் தட்டுவது உயிரோடு விளையாடுவது.

டஸ்ட் கேப்பை விளிம்பில் சுற்றிச் சுற்றித் தட்டி எடுங்கள். ஒரே இடத்தில் நெம்பினால் நசுங்கி, பிறகு மழைநீரை உள்ளே விடும். ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி உருவி, நட்டின்மேல் இருக்கும் பூட்டு மூடியை எடுத்து, நட்டைக் கழற்றுங்கள். டிரம்மைச் சற்று வெளியே இழுத்து மீண்டும் உள்ளே தள்ளினால் தடிப்பு வாஷரும் வெளி பேரிங்கும் முன்னே வந்து நிற்கும். கையில் பிடித்துக்கொள்ளுங்கள், விட்டால் மண்ணில் விழும்.

டிரம் வராமல் முரண்டு பிடித்தால், டிரம்மின் உட்புறத்தில் பிரேக் ஷூ பள்ளம் பறித்து உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். தானே சரிசெய்துகொள்ளும் பிரேக் உள்ள கோல்ஃபில், ஒரு சக்கர போல்ட் துளை வழியே ஸ்க்ரூ டிரைவரை விட்டு, உள்ளே இருக்கும் ஆப்பை மேல்நோக்கித் தள்ளினால் ஷூக்கள் சுருங்கும், டிரம் வந்துவிடும். இதைச் செய்யாமல் டிரம்மை இழுத்து நெம்பினால் ஷூவைப் பிடித்திருக்கும் ஊசியும் ஸ்பிரிங்கும் பிய்ந்துவிடும்.

உள்ளே இருக்கும் தூசியை ஊதவோ காற்றழுத்தக் குழாயால் அடிக்கவோ கூடாது. பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. பிரேக் கிளீனரால் நனைத்து, துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். ஷூவில் கிரீஸ் ஊறியிருந்தால் அதைக் கழுவிப் பயனில்லை. சூடேறும்போது மீண்டும் கசியும். ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடிக்கும். இரு பக்க ஷூக்களையும் சேர்த்து மாற்றுங்கள்.

டிரம்மைத் திருப்பிப் போட்டு, சீலை நெம்பி எடுத்தால் உள் பேரிங் கையோடு வரும்.

பழைய பேரிங் சொல்லும் சேதி

மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். கழுவிய பேரிங்கைக் காற்றால் சுழற்றி உலர்த்தாதீர்கள். எண்ணெய் இல்லாமல் உருண்டு கீறும், கூண்டு உடைந்து ரோலர் தெறிக்கவும் செய்யும்.

கிரீஸ் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. திடீர் வெள்ளத்தில் அச்சு மூழ்க ஓட்டிய காரில் இதைத்தான் காண்பீர்கள்: சூடான ஹப் தண்ணீரில் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, சீலைத் தாண்டி நீரை உறிஞ்சிக்கொள்கிறது. ரேஸில் உலோகம் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தால் ஆயுள் முடிந்தது. முழுப் பரப்பும் சாம்பல் நிறத்தில் மங்கியிருந்தால் தூசி அரைத்திருக்கிறது. ரோலர்களின் பெரிய முனை, அதாவது கோனின் விளிம்பில் உரசும் முனை, கீறி நிறம் மாறியிருந்தால் முன்பு வேலை செய்தவர் நட்டை மிகையாக இறுக்கியிருக்கிறார். இரும்பே நீலம் பாய்ந்திருந்தால் ஏறத்தாழ 300 டிகிரி சூடு கண்டிருக்கிறது. அந்த எஃகின் கடினம் போய்விட்டது. அப்போது நட் உட்காரும் அச்சுத்தண்டையும் பாருங்கள். அதிலும் நீலமோ விரல் நகத்துக்குத் தட்டும் பள்ளமோ இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். கோல்ஃபில் அது பின் அச்சோடு நான்கு போல்ட்டுகளில் நிற்கும் தனிப் பாகம். இளம்பழுப்புக் கறை மட்டும் இருந்து, பிரேக் கிளீனரில் தேய்த்தால் போகிறது என்றால் அது காய்ந்த கிரீஸ், கவலை வேண்டாம்.

காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதியதைப் போடுவதில் பொருளில்லை. சீல் உட்காரும் இடம் துருப்பிடித்திருந்தால் எந்தப் புது பேரிங்கும் நிலைக்காது. 600 தர உப்புத்தாளில் எண்ணெய் தொட்டு அந்த இடத்தைச் சுற்றுவாக்கில் மெருகிடுங்கள்.

கப்பை எடுப்பதும் ஏற்றுவதும்

டிரம்மை இரண்டு மரக்கட்டைகள் மேல் வைத்து, எதிர்ப்புறத்திலிருந்து பித்தளைத் தண்டை விட்டு, கப்பின் விளிம்பில் அடியுங்கள். ஓர் அடி இந்தப் பக்கம், அடுத்த அடி நேர் எதிர்ப்பக்கம். ஒரே பக்கம் அடித்தால் கப் சரிந்து சிக்கி, டிரம்மின் வார்ப்பிரும்பைச் சுரண்டும். சுரண்டிய துளையில் புதுக் கப் பிடிப்பாக நிற்காது. விரலால் திருப்பினால் சுற்றும் கப்பை உளிப்புள்ளி குத்தி நிறுத்தும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது சில நூறு கிலோமீட்டர் தாங்கும். டிரம்மை மாற்றுவதே சரி.

ஏற்றும்போது சூடும் குளிரும் துணை. டிரம்மை 100 டிகிரி வரை சூடாக்கினால் 50 மி.மீ. துளை 0.04 மி.மீ. அளவுக்கு விரியும், கப்பை உறைபெட்டியில் −18 டிகிரியில் வைத்தால் 0.03 மி.மீ. அளவுக்குச் சுருங்கும். இரண்டும் சேர்ந்தால் லேசான தட்டலிலேயே உட்காரும். ஆனால் நம் ஊர்க் காற்றில் உறைபெட்டியிலிருந்து எடுத்த கப் அரை நிமிடத்தில் வியர்க்கும். அந்த நீர் கப்புக்கும் டிரம்முக்கும் நடுவே அடைபட்டுத் துருவாகும். ஆகவே உறைபெட்டியில் வைக்கும் முன்பே மெல்லிய எண்ணெய் பூசி, பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி வையுங்கள். டிரம்முக்கு அருகிலேயே பையைப் பிரித்து, எடுத்த கையோடு ஏற்றுங்கள்.

ஏற்றுவதற்குப் பழைய கப்பே நல்ல கருவி. அதன் வெளிப்பரப்பை உப்புத்தாளால் தேய்த்து ஒரு மயிரிழை சிறிதாக்கிவிட்டால் டிரம்முக்குள் சிக்காது. புதுக் கப்பின் தடித்த விளிம்பு உள்ளே போகும்படி வைத்து, பழையதை அதன் வெளியே தெரியும் விளிம்போடு சேர்த்து, மேலிருந்து தட்டுங்கள். தட்டும் ஒலி மாறும் கணத்தைக் கேளுங்கள்: மந்தமாக இருந்தது திடீரென்று மணிபோல் கணீரென்று கேட்டால் கப் படியில் உட்கார்ந்துவிட்டது. டார்ச் அடித்துப் பின்பக்கம் பாருங்கள். கப்புக்கும் படிக்கும் நடுவே மயிரிழையும் தெரியக் கூடாது. முழுதாக உட்காராத கப் ஓட்டத்தில் மெல்ல உட்காரும். நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த ஆட்டம் அன்றைக்கே மும்மடங்காகும். கடினமாக்கிய கப்பை எஃகுச் சுத்தியலால் நேராக அடிக்காதீர்கள். சில்லு தெறித்தால் கண்ணுக்குத்தான் வரும்.

கிரீஸ்

புது பேரிங்கைக் கழுவ வேண்டாம். அதன்மேல் உள்ள எண்ணெய் கிரீஸோடு ஒத்துப்போகும். போடும் நேரம்வரை உறையிலேயே இருக்கட்டும். கையுறை அவசியம்: வியர்த்த விரல் தொட்ட இடத்தில் ரேகை வடிவத்திலேயே துரு விழும்.

உள்ளங்கையில் எலுமிச்சை அளவு கிரீஸ் வைத்து, கோனின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி வழியுங்கள். குறுகிய பக்கத்தில் ரோலர்களுக்கு இடையே கிரீஸ் புழுப்போல் வெளியே வரும்வரை அந்த இடத்தை விடாதீர்கள். சற்றுத் திருப்பி மீண்டும். இப்படி முழுச் சுற்று. மேலே பூசியது உள்ளே போகாது. இதில் பொறுமை தேவை.

டிரம்மின் நடுக்குழியை நிரப்பாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு போதும். டஸ்ட் கேப்பிலும் அதே அளவு. மிகுதியான கிரீஸ் சுற்றும்போது கடைந்து சூடாகி, சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக் ஷூவின் மேல் போகும். உள் பேரிங்கை வைத்து, சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, உதடு பேரிங்கைப் பார்க்கும்படி வைத்து, தட்டையான மரத்துண்டால் சமமாக அழுத்தி ஏற்றுங்கள்.

ஆட்டம் வைப்பது

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கார் ஓடி வந்த சூட்டோடு இதைச் செய்யாதீர்கள். ஹப் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பிரேக் ஷூ டிரம்மை உரசக் கூடாது. உரசினால் கைக்குத் தெரிவது ஷூவின் இறுக்கமா பேரிங்கின் இறுக்கமா என்று பிரிக்க முடியாது. ஆப்பு மேலே தள்ளியபடியே இருக்கட்டும். ஹேண்ட் பிரேக் கேபிள் தளர்வாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அச்சுத்தண்டைத் துடைத்து மெல்லிய கிரீஸ் தடவி, டிரம்மை நேராக ஏற்றுங்கள். சாய்த்து ஏற்றினால் சீலின் உதடு புரியில் கிழியும். வெளி பேரிங், அடுத்து நாக்குள்ள தடிப்பு வாஷர், அடுத்து நட். வாஷரின் நாக்கு அச்சுத்தண்டின் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று கட்டாயம் பாருங்கள். உட்காராவிட்டால் பேரிங் சுற்றும்போது நட்டையும் சேர்த்துச் சுற்றும்.

இப்போது டிரம்மைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள், ஏறக்குறைய 20 நியூட்டன் மீட்டர் வரை. சுற்றுவது அவசியம்: ரோலர்கள் கோனின் விளிம்பை நோக்கி வரிசையாக நகர்ந்து உட்கார அதுதான் வழி. சுற்றாமல் இறுக்கினால் ரோலர்கள் கோணலாக நின்று இறுகிவிட்டதுபோல் ஏமாற்றும். ஓடிய பிறகு ஆட்டம் கூடும். ஐந்தாறு சுற்று ஆனதும் நட்டைத் தளர்த்துங்கள்.

அடுத்து, தட்டை ஸ்க்ரூ டிரைவரின் நுனியை வாஷரின் விளிம்பில் வைத்து விரல் வலிமையால் தள்ளிப் பாருங்கள். நெம்பக் கூடாது, திருகக் கூடாது, கைப்பிடியை எதன்மேலும் ஊன்றக் கூடாது. வாஷர் தயங்கித் தயங்கிப் பக்கவாட்டில் நகர வேண்டும். நகராவிட்டால் நட்டைச் சிறிது தளர்த்துங்கள். வழுக்கிக்கொண்டு ஓடினால் சிறிது இறுக்குங்கள். ஒவ்வொரு முறை நட்டைத் தொட்ட பிறகும் டிரம்மை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டே வாஷரைச் சோதியுங்கள். ஃபோக்ஸ்வாகனுக்கு உரிய இந்த முறை, இதே அமைப்புள்ள மற்ற கார்களிலும் கைக்குப் பழகிய அளவுகோலாக உதவும்.

டயல் கேஜ் (நுண் அசைவை அளக்கும் முள் மானி) இருந்தால் டிரம்மை நேராக உள்ளே தள்ளி, வெளியே இழுத்து அளக்கலாம். பொதுவாக 0.025 முதல் 0.125 மி.மீ. வரை. எவ்வளவு நுண்ணிய அளவு என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: புரி இடைவெளி 1.5 மி.மீ. உள்ள நட்டை 30 டிகிரி, அதாவது கடிகாரத்தில் ஒரு மணி தூரம், திருப்பினாலே 0.125 மி.மீ. ஆகிவிடுகிறது. மேல்விளிம்பில் ஸ்பிளிட் பின்னுக்காக ஆறு வெட்டுவாய் உள்ள கோட்டை நட்டில் ஒரு வாயிலிருந்து அடுத்ததற்கு 60 டிகிரி, கால் மில்லிமீட்டர். அதனால்தான் கோல்ஃபில் சாதாரண நட்டும் தனியான பூட்டு மூடியும் வைத்தார்கள்: நட்டை அசைக்காமல் மூடியை மட்டும் எடுத்து வேறு நிலையில் மாட்டினால் வாய் துளையோடு நேர்ப்படும்.

உங்கள் காரில் தனி மூடி இல்லாமல் கோட்டை நட்டே இருந்து, துளை நேர்ப்படவில்லை என்றால் எந்தப் பக்கம் திருப்புவது? தளர்த்தும் பக்கம். ஆட்டம் அளவை மீறினால் வாஷரையோ நட்டையோ மாற்றிப் பாருங்கள். வாய் வேறு கோணத்தில் வரும். துளைக்காக இறுக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

புது ஸ்பிளிட் பின்னை மாட்டி, ஒரு காலை அச்சுமுனையின் மேலும் மறுகாலைக் கீழும் மடக்கி, மிச்சத்தை வெட்டுங்கள். கால் நீண்டிருந்தால் டஸ்ட் கேப்பை உரசும். அந்தச் சத்தத்தைப் பேரிங் சத்தம் என்று நினைத்து மீண்டும் பிரிக்க நேரிடும். ஒருமுறை மடக்கிய பின்னைத் திரும்பப் போடாதீர்கள்.

சக்கரத்தை மாட்டி மேலும் கீழும் அசைத்தால் டயர் விளிம்பில் மிக மெல்லிய 'டிக்' ஒன்று கைக்கு எட்டும். அது இருக்க வேண்டியதுதான். அதைப் போக்க நட்டைத் தொடாதீர்கள்.

ஓட்டிப் பார்த்தல்

காரை இறக்கும் முன் பிரேக் பெடலை நன்றாகப் பலமுறை மிதியுங்கள். ஆப்பு இறங்கி ஷூக்கள் டிரம்மை நெருங்கும். பெடல் கெட்டியாகும்வரை காரை நகர்த்தக் கூடாது. சக்கர போல்ட்டுகளைக் குறுக்குவாக்கில் 110 நியூட்டன் மீட்டர் இறுக்குங்கள் (கோல்ஃபுக்கான அளவு).

முதல் ஓட்டம் 15 கிலோமீட்டர் போதும். கடைசி ஒரு கிலோமீட்டரில் பிரேக்கை முடிந்தவரை தவிர்த்து, கார் தானாக வேகம் குறையும்படி வந்து நில்லுங்கள். பிரேக் சூடு கலந்தால் சோதனை பொய்க்கும். இறங்கி டஸ்ட் கேப்பில் புறங்கையை முதலில் அருகில் கொண்டுபோய், பிறகு தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. கை வைக்க முடியாத சூடு என்றால் இறுக்கம் மிகுதி, அல்லது ஷூ உரசுகிறது. இரு பக்கமும் ஒரே அளவு சூடாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கூடினால் அதைப் பிரித்துத் திரும்பப் பாருங்கள்.

புதுக் கப்புகள் போட்ட காரில் 200, 300 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை டஸ்ட் கேப்பைத் திறந்து வாஷர் சோதனையை மீண்டும் செய்யுங்கள், ஹப் ஆறிய பிறகு. கப் மயிரிழை இறங்கி ஆட்டம் சற்றுக் கூடியிருக்கலாம். வாஷர் மீண்டும் தயங்கித் தயங்கி நகரும் அளவுக்கு மட்டும் நட்டைச் சிறிது இறுக்கினால் சரியாகும். மலேசியப் பயணம் வைத்திருந்தால் அதை இந்தச் சோதனைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.